மேடையில் அவருக்கு வேறொரு மனைவி

1985ஆம் ஆண்டு, ஆவணி மாதம். புங்குடுதீவில் கடற்கரைக்குப் போகும் ஒழுங்கையில் எங்கள் வீடு இருந்தது. எனக்குக் கல்யாணமாகி நான்கு வருடம். கணவர் கூட்டுறவுச் சங்கக்கடையில் மனேச்சர். ஊர் வாசிகசாலைக்குச் செயலாளரும் அவர்தான், ஆண்டு விழா நாடகத்தில் ராசா வேடம் கட்டுபவரும் அவர்தான். வீட்டில் அதிகம் வாய் திறக்காத மனிதர், மேடையில் ஏறினால் ஆளே மாறிவிடுவார்.

அந்த வருடம் நாடகம் பழக்கும் பொறுப்பு ஒரு பெண்ணிடம் போனது. கொழும்பில் படிப்பித்துக்கொண்டிருந்தவர். எண்பத்து மூன்று கலவரத்தில் வீடும் சாமான்களும் எரிந்துபோக, அகதிக் கப்பலில் வந்து இறங்கி, தாயின் ஊரான எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்திருந்தார். எல்லோருக்கும் அவர் ரீச்சர். என்னைவிட இரண்டு வயது கூட. கல்யாணம் ஆகவில்லை. என்னைவிட வடிவும் கூட. இதைச் சொல்லாமல் விட்டால் பிறகு நடந்தது உங்களுக்கு விளங்காது.

ராசா ராணி வேண்டாம், ஊரில் நடக்கிறதையே நாடகமாகப் போடுவோம் என்று ரீச்சர் சொல்லிவிட்டார். வீடு வீடாகப் போய்ப் பெண்களோடு கதைத்தார். எங்கள் வீட்டுக்கும் வந்தார். தேத்தண்ணி கொடுத்தேன். உங்களுக்கு இந்த ஊரில் பெரிய கஷ்டம் எது என்று கேட்டார். "அப்பிடி ஒண்டுமில்லை ரீச்சர்" என்று சொல்லிவிட்டு, அடுப்பைப் பார்க்கக் குசினிக்குள் போய்விட்டேன். மற்றப் பெண்கள் தண்ணீரைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள்.

கோடையில் எங்கள் கிணறுகள் உப்பாகிவிடும். குடிக்கிற தண்ணீர் பவுசர் லொறியில்தான் வரும். அதை நிரப்பி வைக்க ஒரு பெரிய தாங்கி கட்டித் தருவதாக அரசாங்கக் கந்தோரில் சொல்லியிருந்தார்கள். எங்கே கட்டுவது என்று வாசிகசாலையில் கூட்டம் போட்டு, சந்தியில், வாசிகசாலைக்குப் பக்கத்திலேயே கட்டுவது என்று முடிவெடுத்துவிட்டார்கள். கூட்டத்தில் இருந்தவர்கள் எல்லோரும் ஆண்கள். எங்கள் ஒழுங்கையில் இருந்தும், அதற்கும் அப்பால் மீன்பிடிக்கிற வேதக்கார ஆட்களின் பக்கம் இருந்தும், அந்த வெயிலில் சந்திவரை குடத்தோடு நடக்க வேண்டும். அதுதான் ரீச்சருடைய நாடகம். தாங்கியை முடிவு செய்துவிட்டு வீட்டுக்கு வரும் கணவன், தண்ணீர் தூக்கும் மனைவி. கணவனாக என் கணவர். மனைவியாக நடிக்க ஊரில் எந்தப் பெண்ணையும் வீட்டார் விடவில்லை. ஆகவே ரீச்சரே நடித்தார்.

ஒத்திகை தொடங்கிய பிறகு எங்கள் வீட்டில் ரீச்சருடைய பெயர் இல்லாமல் ஒரு நேரச் சாப்பாடு நடக்கவில்லை. ரீச்சர் இப்படிச் சொன்னவ, ரீச்சர் அதைக் கேட்டவ. ஞாயிறுகளில் மட்டும் சவரம் செய்கிறவர் ஒருநாள் விட்டு ஒருநாள் செய்யத் தொடங்கினார். ஒருநாள் வேண்டுமென்றே குழம்புக்கு உப்புப் போடாமல் வைத்தேன். ஒரு சொல் பேசாமல் சாப்பிட்டு எழும்பிப் போனார். எனக்கு அன்று வந்த ஆத்திரத்தை இப்போதும் மறக்க முடியவில்லை. சண்டை பிடிக்கவும் ஒரு காரணம் இல்லை. அவர் பிழையாக எதுவும் செய்யவில்லை, ரீச்சரும் செய்யவில்லை. நெஞ்சு மட்டும் எரிந்துகொண்டே இருந்தது.

பொழுதுபட்டால் நேவிக்குப் பயந்து யாரும் வெளியே நிற்காத காலம். அதனால் விழாவைப் பின்னேரம் நான்கு மணிக்கே வைத்தார்கள். போவதில்லை என்றுதான் இருந்தேன். பிறகு, தலைத் தீபாவளிக்கு அவர் எடுத்துத் தந்த பச்சைச் சேலையை உடுத்திக்கொண்டு போனேன். யார் பார்க்க உடுத்தினேன் என்று எனக்கே தெரியாது. பள்ளிக்கூட மேசைகளை அடுக்கிக் கட்டிய மேடை. முன்வரிசைக் கதிரைகளில் வாசிகசாலைத் தலைவரும் பெரிய மனிதர்களும், பின்னால் பாயில் நாங்கள்.

மேடையில் என் கணவர் கூட்டம் முடிந்து வீட்டுக்கு வருகிறார். ரீச்சர் ஓடிவந்து செம்பில் தண்ணீர் கொடுக்கிறார். அவர் வாங்கிக் குடித்துவிட்டு, "என்ர கண்மணி, இண்டைக்கு என்ன கறி?" என்றார். சனம் சிரித்தது. என்னை அவர் கூப்பிடுவது, இங்கே பாரும் என்பதுபோல, "இஞ்சரும்" என்று. நான்கு வருடத்தில் வேறொரு சொல் நான் கேட்டதில்லை. பின்னால் இருந்த ஒருத்தி, "உங்கட மனுசன் நல்லாத்தான் நடிக்கிறார்" என்றாள். காது சுட்டது.

மேடையில் மனைவி, தாங்கியைக் கொஞ்சம் கிட்டக் கட்டக் கூடாதா என்று கெஞ்சுகிறாள். கணவன், அது கூட்டத்தில் முடிந்துபோன விசயம் என்கிறான். மனைவி முந்தானையால் கண்ணைத் துடைக்கிறாள். அந்த இடத்தில் ரீச்சர் நடிப்பை நிறுத்திவிட்டு முன்னுக்கு வந்தார்.

"இந்தப் பொம்பிளை இனி என்ன செய்யவேணும்? சொல்ல வேண்டாம். ஆராவது வந்து என்ர இடத்தில நிண்டு செய்து காட்டுங்கோ."

அப்படி ஒரு நாடகத்தை நாங்கள் கண்டதே இல்லை. முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். ரீச்சர் மறுபடியும், "என்ர இடத்தில ஆர் வாறீங்கள்?" என்றார்.

உன்ர இடமோ அது என்றுதான் எனக்குள் வந்தது. தாங்கி, தண்ணீர் ஒன்றும் என் நினைவில் இல்லை. எழும்பிவிட்டேன். சனம் வழி விட்டது. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு மேடைக்கு ஏறினேன். ரீச்சர் செம்பை என் கையில் தந்துவிட்டு இறங்கிப் போனார். என் கணவர் பேயைக் கண்டவர்போல நின்றார்.

ஏறிவிட்டேன், என்ன சொல்வதென்று தெரியவில்லை. கையில் இருந்த செம்பைப் பார்த்தேன்.

"இதில நீங்கள் குடிச்ச தண்ணி எங்க இருந்து வந்தது எண்டு உங்களுக்குத் தெரியுமோ?" என்று கேட்டேன்.

அவர் சமாளித்துக்கொண்டு, "பவுசரில வந்தது" என்றார்.

"பவுசர் குசினிக்குள்ள வந்ததோ?"

பாயில் இருந்த பெண்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்குத் துணையாக வந்து நின்றது.

"கூட்டம் போட்டு முடிவெடுத்தனீங்கள். அந்தக் கூட்டத்தில இருந்த ஆக்களில ஒருத்தராவது ஒருநாள் ஒரு குடம் தூக்கியிருக்கிறீங்களோ?"

"பொம்பிளையளைக் கூட்டத்துக்கு வரவேண்டாம் எண்டு ஆர் சொன்னது?" என்றார் அவர். அது நாடகக் கணவனின் குரல் இல்லை. எங்கள் வீட்டுக் குரல்.

"வரச்சொல்லி ஆர் சொன்னது?"

பின்பக்கம் மீன்காரப் பெண் ஒருத்தி எழும்பி, "அவ கேக்கிறது சரிதானே, பதிலைச் சொல்லுங்கோவன்!" என்று கத்தினாள். அதற்குப் பிறகு பாயில் யாரும் இருக்கவில்லை. எல்லோரும் நின்றுகொண்டு கதைத்தார்கள். தலைவர் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பி, "நாடகம் எண்டு சொல்லிப்போட்டு உதென்ன கூத்து?" என்று ரீச்சரிடம் பாய்ந்தார். ரீச்சர் அமைதியாக, "ஐயா, நாடகம் முடிஞ்சுது. இது கூட்டம்" என்றார்.

அன்று வீட்டுக்கு வந்ததும் அவர் நாடகத்துக்குக் கட்டிய வேட்டியை மாற்றினார். பிறகு, "உம்மட மனசில உள்ளதை ஏன் எனக்கு முதலே சொல்லேல்லை? ரீச்சர் கேட்டவுடன அவவுக்கு மட்டும், அவ்வளவு சனத்துக்கு முன்னால ஏன் சொன்னனீர்?" என்றார்.

"ரீச்சருக்குச் சொல்லேல்லை. உங்களுக்குத்தான் சொன்னனான்" என்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அப்படி அவர் என்னைப் பார்த்து வெகு காலம்.

அடுத்த ஞாயிறு பொதுக்கூட்டம். வாசிகசாலைக்குள் இடம் காணாமல் பெண்கள் விறாந்தையிலும் முற்றத்திலும் நின்றோம். அங்கத்தவர்தான் கை உயர்த்தலாம் என்றார் தலைவர். அப்படியென்றால் எங்களையும் அங்கத்தவராகச் சேர்க்க வேண்டும் என்று எழும்பிச் சொன்னது, செயலாளராக இருந்த என் கணவர். நாங்கள் சேர்ந்தோம். பிறகு கை உயர்த்தினோம். தாங்கி எங்கள் ஒழுங்கைக்கும் மீன்பிடிக்கிற ஆட்களின் பக்கத்துக்கும் நடுவில் வந்தது.

நிர்வாகத்துக்கு இரண்டு பெண்களைத் தெரிவு செய்யவேண்டும் என்றும் பேச்சு வந்தது. என் பெயரைச் சொன்னார்கள், ரீச்சருடைய பெயரையும் சொன்னார்கள். இருவருமே தெரிவானோம். ஆனால் ரீச்சருக்கு என்னைவிடக் கூடுதலான கைகள் உயர்ந்தன. அதில் என் கணவருடைய கையும் இருந்தது. எனக்கும் உயர்த்தினார்தான், இருந்தாலும் ரீச்சருக்கு முதலில் உயர்த்தினாரோ என்று அன்று முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன்.

நான்கு வருடம் ஒரே நிர்வாகத்தில் பக்கத்துப் பக்கத்துக் கதிரைகளில் இருந்தோம். பவுசர் வராத நாட்களில் இருவருமாகக் கந்தோருக்குப் போய்ச் சண்டை பிடித்தோம். நல்ல மனுசி. ஆனாலும் அவர் பேசும்போது சனம் காது கொடுப்பதைப் பார்த்தால் எனக்குள் அந்த எரிச்சல் தலை தூக்கும். பிறகு ரீச்சர் கல்யாணம் செய்து வன்னிப் பக்கம் போனார். தொண்ணூறில் ஆமி தீவுக்குள் வந்தபோது நாங்களும் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடினோம். அந்தத் தாங்கி இப்போது இருக்கிறதோ தெரியாது.

ஊருக்கு நன்மை செய்ய வேண்டும் என்று நினைத்து நான் அந்த மேடையில் ஏறவில்லை, என் புருசனுக்குப் பக்கத்தில் இன்னொருத்தி நிற்பதைப் பொறுக்க முடியாமல்தான் ஏறினேன். ஆனால் யாரும் வந்து நிற்கலாம் என்று ரீச்சர் ஓர் இடத்தை வெறுமையாக விட்டு வைத்திருந்தார். பொறாமையோடு வந்தவளுக்கும் அந்த இடத்தில் ஒரு குரல் கிடைத்தது என்பதால், இன்றைக்கும் எந்தக் கூட்டத்திலும் என்னால் வாயை மூடிக்கொண்டு இருக்க ஏலாமல் இருக்கிறது.