ஊர் எது என்று கேட்டார்கள்

மும்பையில், செம்பூரில் ஒரு சின்ன நர்சிங் ஹோமில் வார்டுபாயாக இருக்கிறேன். நோயாளியைத் தள்ளுவண்டியில் ஏற்றி இறக்குவது, படுக்கை விரிப்பு மாற்றுவது, ஆபரேஷன் முடிந்து மயக்கம் தெளிகிறவர் பக்கத்தில் நிற்பது, இதுதான் வேலை. இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. என்னை வேலைக்கு எடுத்த பெரிய டாக்டர் அன்றைக்கு ஒரே கேள்விதான் கேட்டார். "ரத்தத்தைப் பார்த்தா பயப்படுவியா?" என்றார். "அம்மன் துணை இருக்கா சார்" என்றேன். என் நெற்றியில் இருந்த திருநீற்றைப் பார்த்துவிட்டு, "அப்ப நாளைக்கு வா" என்றார். அவ்வளவுதான் விசாரணை.

வயதாகிவிட்டது என்று பெரிய டாக்டர் இடத்தை ஒரு கம்பெனிக்குக் கொடுத்துவிட்டார். வந்தவர்களைக் குறை சொல்ல மாட்டேன். பழைய ஆள் புது ஆள் என்று பார்க்காமல் எல்லாரையும் சரிபார்க்க வேண்டும் என்றார்கள். இந்த நாட்டுக்காரர்தானா, சொன்ன ஊரில் இருந்து வந்தவர்தானா என்று விசாரிக்க வெளியே ஒரு ஏஜென்சி வைத்திருந்தார்கள். விசாரணையில் சரியாக வராதவருக்கு வேலை இல்லை.

ஆபீஸ் அறையில் புதிதாகச் சேர்ந்த பெண் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள். செம்பூரிலேயே பிறந்த தமிழ்ப் பெண். தமிழ் நன்றாகப் பேசுவாள், படிக்கத் தெரியாது. ஆதார், பான் கார்டு எல்லாம் வாங்கிப் பார்த்துவிட்டு, "அங்கிள், உங்க காவ் எது?" என்றாள்.

ஊரைக் கேட்கிறாள். யார் கேட்டாலும் சொல்கிற பதிலைத்தான் சொன்னேன். திருநெல்வேலிப் பக்கம் என்று ஆரம்பித்து, ஊர்ப் பெயர், தெருப் பெயர், அம்மன் கோவிலுக்கு மேற்கே உள்ள வீடு என்பதுவரை விவரமாகச் சொன்னேன். அவள் டைப் அடித்துக்கொண்டாள். தாராவியில் எங்கள் சந்தில் யாரை நிறுத்திக் கேட்டாலும் இப்படித்தான் சொல்வார்கள். பிறந்தது, பள்ளிக்கூடம் போனது, தாலி கட்டியது எல்லாம் இங்கேதான். ஆனாலும் ஊர் என்றால் அப்பா பிறந்த ஊர்தான். தாராவியில் இருக்கிறோம் என்போம். தாராவிதான் எங்கள் ஊர் என்று ஒருவர் வாயிலும் வந்து நான் கேட்டதில்லை.

கொஞ்ச நாள் கழித்து அவள் கூப்பிட்டாள். முகம் சரியில்லை.

"அங்கிள், உங்களுக்கு நெகட்டிவ் வந்திருக்கு."

ரத்தப் பரிசோதனை மாதிரி சொல்கிறாளே என்று நினைத்தேன். ஏஜென்சி ஆள் அந்த ஊருக்கே போய் விசாரித்திருக்கிறான். அந்த வீடு இடிந்து கருவேலம் முளைத்துக் கிடக்கிறதாம். இந்தப் பெயரில் இங்கே யாரும் குடியிருந்ததில்லை என்று அக்கம்பக்கத்தில் சொல்லியிருக்கிறார்கள். ஆள் சொன்னது பொய் என்று அவன் எழுதிவிட்டான்.

"நீங்க அங்க எப்ப இருந்தீங்க?"

"இருந்ததே இல்லம்மா. கோவில் கொடைக்குப் போவேன். சாமி கும்பிட்டு வந்துருவேன்."

"அப்புறம் ஏன் சொன்னீங்க?"

"நீ ஊரைத்தானம்மா கேட்ட?"

அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். "நான் மேல பேசறேன். நீங்க பொறந்தது மும்பைனு ப்ரூஃப் கொண்டு வாங்க. அப்புறம், அது என் ஊர் இல்ல, தப்பா சொல்லிட்டேன்னு ஒரு லைன் எழுதி சைன் போட்டுக் குடுங்க. அதுவரைக்கும் டியூட்டிக்கு வராதீங்க அங்கிள். உள்ள விடக் கூடாதுன்னு ஆர்டர்."

கேட்டுக்கு வெளியே வரும்போது வாட்ச்மேன், தினமும் என்னோடு டீ குடிக்கிறவன், "க்யா மாமா, பங்களாதேஷ்காரனா நீ?" என்று இந்தியில் கேட்டுச் சிரித்தான். விளையாட்டுக்குத்தான் கேட்டான். நானும் சிரிக்கப் பார்த்தேன். முடியவில்லை. அவனும் நிறுத்திக்கொண்டான்.

அம்மா என்னைப் பெற்றது சயானில், பெரிய ஆஸ்பத்திரியில். அந்தச் சான்று முனிசிபாலிட்டியில் கிடைத்துவிட்டது. அலைச்சல்தான், கஷ்டம் என்று சொல்ல முடியாது. ஆபீஸ் பெண் கேட்ட அந்த ஒரு வரிதான் எழுத வரவில்லை. பேனாவை எடுப்பேன், அப்பா முகம் வரும், மூடி வைத்துவிடுவேன்.

"எத்தன நாளைக்கு இப்படி உக்காந்துருப்பிய?" என்றாள் வீட்டுக்காரி. "ஒரு வரிதான, எழுதிக் குடுத்துட்டு வேலையப் பாருங்களேன்."

"எங்கப்பா பொறந்த ஊரு. சாமி இருக்க ஊரு. என் ஊரு இல்லன்னு எந்தக் கையால எழுதச் சொல்லுத?"

"ஆமா, கையப் பாத்துக்கிட்டே இருங்க. அரிசி தானா வந்து பானையில விழும்."

வெள்ளிக்கிழமை இரண்டு பேரும் கோவிலுக்குப் போனோம். எங்கள் சந்து முடிகிற இடத்தில் அம்மன் இருக்கிறாள். அப்பாவும் இன்னும் சிலரும் ஊர்க் கோவிலில் இருந்து பிடிமண் எடுத்துவந்து வைத்த சாமி. ஒரு கைப்பிடி மண்ணை மஞ்சள் துணியில் முடிந்து, வழியில் கீழே வைக்கக் கூடாது என்பதால் ரயிலில் ஆள் மாற்றி ஆள் மடியில் வைத்துக்கொண்டு வந்தார்களாம். அந்த மண்ணின் மேல்தான் பீடம். அப்பா கடைசிவரை அவளை ஊர்க்காரி என்றுதான் சொல்வார்.

வீட்டுக்காரி விளக்கை ஏற்றிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"இவளும் அங்கேருந்து வந்தவதான? அங்க போயி, எங்க தாராவிக்காரியத் தெரியுமான்னு கேட்டா தெரியும்னா சொல்லுவாவ? அங்க இருக்கவ அங்க இருக்கா. பிள்ளைக்குக் காய்ச்சல்னா நாம ஓடி வாறது இவகிட்டத்தான். இவ இங்க குடியிருக்கான்னு சொல்லுததால அந்தக் கோவிலு இல்லன்னு ஆயிருமா?"

தாயே, நீயே எழுத வை என்று விழுந்து கும்பிட்டேன்.

திங்கட்கிழமை கொண்டுபோய்க் கொடுத்தேன். தமிழில் எழுதியிருந்ததால் அந்தப் பெண் என்னையே படிக்கச் சொன்னாள். "அது என் அப்பாவின் ஊர். நான் பிறந்ததும் குடியிருப்பதும் மும்பையில். அந்த ஊரில் நான் வசித்ததில்லை" என்று படித்தேன்.

"அது என் ஊர் இல்லன்னு வரலையே அங்கிள்?"

"இதுக்கு மேல எனக்கு வராதும்மா."

காகிதத்தை வாங்கிக்கொண்டு, "சரி, இதையே இங்கிலீஷ்ல போட்டு அனுப்பறேன்" என்றாள்.

அம்மன் கைவிடவில்லை. வேலை திரும்பக் கிடைத்தது. ஆனால் புது அட்டையில் வேலைக்குச் சேர்ந்த தேதி அந்த மாதத்துத் தேதியாக இருந்தது. கேட்டேன். ஒருமுறை நிறுத்திவிட்டால் புது ஆளாகத்தான் எடுக்க முடியுமாம். சொல்லும்போது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. இருபது வருஷமும் அட்டையில் இல்லை. அதையும் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் கழுத்தில் மாட்டினேன்.

அதே வாரம் மான்குர்த்தில் இருந்து வந்த ஒரு பெரியவருக்குக் குடலிறக்க ஆபரேஷன். மயக்கம் தெளியும்போது என் தமிழ்க் குரல் கேட்டுக் கண்ணைத் திறந்தார்.

"தம்பி, எந்த ஊருடே?"

வாயைத் திறந்தேன். முதல் தடவையாக, என்ன சொல்வது என்று யோசித்தேன்.

"தாராவி ஐயா."

"அது கெடக்கட்டும். சொந்த ஊரக் கேட்டேன்."

எதிர் அறைக் கதவு திறந்திருந்தது. அந்தப் பெண் டைப் அடித்துக்கொண்டிருந்தாள். போர்வையைச் சரிசெய்கிற மாதிரி குனிந்து, அவர் காதுக்கு மட்டும் கேட்கும்படி ஊர்ப் பெயரைச் சொன்னேன்.

"நமக்கும் அந்தப் பக்கந்தான்டே" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். தூக்கத்திலும் விடவில்லை. நான் அப்படியே நின்றேன்.