கேஸ் பேப்பர் மூலையில் மூன்று புள்ளி

கிளினிக்கில் ஊசி போடுகிறவர் ஒருவர், அதற்கான வசவை வாங்கிக்கொள்கிறவர் இன்னொருவர். நான் பத்து வருஷம் அந்த இன்னொருவராக இருந்தேன். கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து, "அடுத்தது நீங்கதான், இதோ ஆச்சு" என்று நாள் முழுக்கப் பொய் சொல்லிப் பிழைத்தவர்கள் யாராவது இதைப் படித்தால், கொஞ்சம் நகர்ந்து எனக்கும் இடம் கொடுங்கள்.

நான் கோயம்புத்தூர்க்காரன். புனேயில், நிக்டியில் ஒரு தொழிற்சாலையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். தொண்ணூறுகளின் நடுவில் அதை இழுத்து மூடிவிட்டார்கள். கோர்படியில் ஒரு லேடி டாக்டர் தன் கிளினிக்குக்கு மேனேஜர் தேடுகிறார் என்று தெரிந்தவர் ஒருவர் சொன்னார், போய் உட்கார்ந்துவிட்டேன். பில் போடுவது, இன்சூரன்ஸ் ஃபாரம் நிரப்புவது, யாரை முதலில் உள்ளே அனுப்புவது என்று முடிவு செய்வது, இந்த மூன்றும் என் பொறுப்பு. முதல் இரண்டில் தப்பு வந்தால் திருத்திக்கொள்ளலாம். நான் சொல்லப்போவது மூன்றாவதைப் பற்றி.

நாக்கு

சேர்ந்த முதல் வாரம். டை கட்டிக்கொண்டு போயிருந்தேன். ரிட்டயரான சுபேதார் ஒருவர் நேராக என் மேஜைக்கு வந்தார், எதிரே உட்கார்ந்தார், நாக்கை நீட்டினார். நான் டாக்டர் இல்லை என்று ஹிந்தியில் எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். யோசிக்கும்போது சும்மா இருக்கக் கூடாதே என்று நாக்கையும் பார்த்தேன். பார்த்ததோடு விட்டேனா, தலையை வேறு ஆட்டித் தொலைத்தேன்.

அவர் சட்டையைக் கழற்ற ஆரம்பித்த பிறகுதான் எனக்கு வாய் வந்தது. உண்மையைச் சொன்னதும் பட்டனைப் போட்டுக்கொண்டே ஹிந்தியில் கேட்டார்: "டாக்டர் இல்லைன்னா, என் நாக்கை எதுக்குப்பா அவ்வளவு நேரம் பார்த்தே?"

சிவப்புப் பென்சில்

கொஞ்ச வருஷத்தில் இன்சூரன்ஸ்காரர்கள் வியாதிக்கெல்லாம் ஒரு குறியீட்டு எண் கேட்க ஆரம்பித்தார்கள். காய்ச்சலுக்கு ஒன்று, கால் முறிவுக்கு ஒன்று. எனக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. மனுஷன் படுகிற பாட்டையெல்லாம் ஒரு சின்னக் கட்டத்துக்குள் அடைத்துவிடலாம் என்றால் கணக்கு எழுதினவனுக்குக் கசக்குமா? வியாதிக்கு இருக்கும்போது ஆளுக்கு ஏன் இருக்கக் கூடாது என்று தோன்றியது. அந்தக் கேடுகெட்ட யோசனை முழுக்க முழுக்க என்னுடையது.

வருகிறவர்களின் வியாதி விவரம் எழுதும் கேஸ் பேப்பர் ஒவ்வொன்றின் மேல் மூலையிலும் சிவப்புப் பென்சிலால் புள்ளி வைத்தேன். லீவுக்குச் சர்டிஃபிகேட் கேட்டு வருகிறவர்களுக்கு ஒரு புள்ளி. ஒரே டோக்கன் நம்பரில் குடும்பம் முழுவதையும் காட்டுகிறவர்களுக்கு இரண்டு. ஒன்றுமே இல்லாமல் சும்மா சும்மா வந்து புலம்புகிறவர்களுக்கு மூன்று. மூன்று புள்ளி பேப்பர் வந்தால் அடுக்கின் அடியில் வை, அடுத்தவர் வந்தாலும் அது அடியிலேயே இருக்கட்டும். ரிசப்ஷனில் இருந்த சுனிதாவுக்கு இதை வகுப்பெடுப்பதுபோல விளக்கினேன். மராட்டிப் பெண், நறுக்கென்று பேசுவாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "சார், உங்களுக்கு ஒரு கேஸ் பேப்பர் போட்டா எத்தனை புள்ளி வைக்கணும்?"

பின்னால் நடக்கும் நம்பர்

ரெஜினா டீச்சருக்கு மூன்று புள்ளி. கன்டோன்மென்ட் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுத்து ரிட்டயரானவர். இரண்டு தலைமுறையாகப் புனேவாசி. தமிழும் ஹிந்தியும் கலந்து பேசுவார். தலைசுற்றல் என்று சொல்லமாட்டார், "சக்கர் வருது தம்பி" என்பார். வீட்டில் தனியாள். வாரம் ஒரு தடவை வந்துவிடுவார். ஒரு வாரம் சக்கர், ஒரு வாரம் தோள்பட்டை, ஒரு வாரம் வயிற்றில் கேஸ். எந்த டெஸ்டிலும் ஒன்றும் வராது. எனக்குப் பார்த்தாலே எரிச்சலாக இருக்கும். தமிழ் பேச ஆள் கிடைத்தது என்றுதான் வருகிறார் என்று முடிவு கட்டியிருந்தேன்.

எவ்வளவு காக்கவைத்தாலும் ஒரு வார்த்தை சொல்லமாட்டார். காத்திருக்கும் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுப்பார். ஆயாவை அங்கே எல்லாரும் மாவுஷி என்றுதான் கூப்பிடுவோம். படிக்காத மனுஷி, புள்ளி விஷயம் எதுவும் தெரியாது. ஒருநாள் தரை துடைத்துக்கொண்டே என்னிடம் கேட்டாள்: "எல்லார் நம்பரும் முன்னாடி நடக்குது, அந்த டீச்சர் நம்பர் மட்டும் ஏன் பின்னாடி நடக்குது?"

சர்டிஃபிகேட்

அது ஒரு திங்கட்கிழமை, நல்ல கூட்டம். பதினொன்றே காலுக்கு டீச்சர் வந்தார். "தம்பி, இன்னைக்கு முதுகுல யாரோ பிசையற மாதிரி இருக்கு" என்றார். முகமெல்லாம் வியர்வை. "வெளியே வெயிலுங்க டீச்சர், ஃபேனுக்குக் கீழே உக்காருங்க" என்று சொல்லிவிட்டுப் பேப்பரை அடியில் செருகினேன். நிமிர்ந்துகூடச் சரியாகப் பார்க்கவில்லை. கோந்த்வாவிலிருந்து ஒரு சாஃப்ட்வேர் பையன், நம்ம கோயம்புத்தூர்க்காரன், கம்பெனிக்கு மெடிக்கல் சர்டிஃபிகேட் வேண்டுமென்று பிறகு வந்தான். ஊர்ப்பேச்சு பேசிய சந்தோஷத்தில் அவனை முன்னால் அனுப்பினேன்.

பன்னிரண்டுக்குப் பக்கத்தில் மாவுஷிதான் கத்தினாள். டீச்சர் பெஞ்சில் சாய்ந்து கிடந்தார். உதடு வெளுத்திருந்தது. டாக்டர் மேடம் ஓடி வந்தார், ஈசிஜி எடுத்தார், மாரடைப்பு என்றார், ஆம்புலன்ஸுக்குச் சொல்லச் சொன்னார். ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போது என்னைப் பார்த்து, "இவங்க எத்தனை மணிக்கு வந்தாங்க?" என்று கேட்டார். "இப்பத்தான் மேடம்" என்றேன். நாக்கு கூசாமல் சொன்னேன். மாவுஷி என் முகத்தையே பார்த்தாள். ஆம்புலன்ஸ் கிளம்பிப் போனதும் அந்தப் பையன் கவுண்டருக்கு வந்து மெதுவாகக் கேட்டான்: "அண்ணா, என் சர்டிஃபிகேட்ல சீல் போடலியே?"

ரப்பர்

மறுநாள் மதியம், கிளினிக் சாத்தியிருந்த நேரம். அலமாரியைத் திறந்து மூன்று புள்ளி பேப்பர்களையெல்லாம் எடுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். ரப்பரால் தேய்க்கத் தேய்க்கச் சிவப்பு போகாமல் ரோஸ் கலரில் பரவியது. ஒவ்வொரு பேராகப் படித்தேன். எல்லாரும் வயசானவர்கள். பெரும்பாலும் தனியாக வருகிறவர்கள். இத்தனை வருஷம் புள்ளியைப் பார்த்தேனே தவிர இதை நான் பார்க்கவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்கு ஃபோன் போட்டு, டீச்சர் பிழைத்துக்கொள்வாரா என்று கேட்கக்கூடத் தைரியம் வரவில்லை. ஃபோன் போட்டுக் கேட்டவள் சுனிதா. பிழைத்துக்கொண்டார் என்று வந்து சொன்னாள். சொல்லிவிட்டு என் கையில் இருந்த ரப்பரைப் பார்த்தாள். "போதும் சார், இன்னும் தேச்சா பேப்பர்தான் கிழியும்."

தலைகீழாகப் படிக்கிறவர்

ஆறு வாரம் கழித்து டீச்சர் வந்தார். பாதியாக இளைத்திருந்தார். ஓடிப்போய் நாற்காலி போட்டேன், பேப்பரை எடுத்து எல்லாவற்றுக்கும் மேலே வைத்தேன். அவர் உட்காராமல் கவுண்டரில் கையை ஊன்றிக்கொண்டு அந்தப் பேப்பரைப் பார்த்தார்.

"அழிச்சிட்டீங்களா?" என்றார். "பிள்ளைங்க நோட்டை எதிர்ப்பக்கம் நின்னே திருத்தினவ நான். தலைகீழா இருந்தாலும் படிச்சிடுவேன். மூணு புள்ளி இருந்தா கடைசின்னு ரெண்டாவது மாசமே தெரிஞ்சுபோச்சு. நானும் அட்டெண்டன்ஸ் நோட்டுல சில பசங்க பேருக்குப் பக்கத்துல இப்படிப் புள்ளி வச்சிருந்தேன் தம்பி. அந்தப் பசங்க கை தூக்கினா பாக்கமாட்டேன். அதான் உங்கள ஒண்ணும் கேக்க முடியல."

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் மேடத்தின் அறைப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "மேடம் ஆஸ்பத்திரிக்கு வந்து பாத்தாங்க. அன்னைக்கு எத்தனை மணிக்கு வந்தீங்கன்னு கேட்டாங்க. நீங்க என்ன சொல்லியிருப்பீங்கன்னு யோசிச்சேன். அப்பத்தான் வந்தேன்னு சொல்லிட்டேன்."

மேடத்திடம் போய் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. அதற்குப் பிறகும் இரண்டு வருஷம் அங்கேயே சம்பளம் வாங்கினேன். டீச்சர் மேலே இருந்த தன் பேப்பரைத் தானே எடுத்தார். எனக்கு முன்னால் இருந்த அடுக்கை ஒருமுறை எண்ணினார். தனக்கு முன்னால் வந்தவர்கள் நான்கு பேர் என்று பார்த்து, ஐந்தாவதாகச் செருகிவிட்டு நாற்காலியில் போய் உட்கார்ந்தார். "எனக்கு முதல் நம்பர் வேண்டாம் தம்பி, என் நம்பர் போதும்."

ஆக, சுனிதா அன்றைக்குக் கேட்ட கேள்விக்கு ரிட்டயரான பிறகாவது பதில் சொல்லிவிடுகிறேன்: எனக்கும் மூன்று புள்ளிதான், அதுவும் ரப்பருக்குப் போகாத சிவப்பில்.