பன்னிரண்டாவது கால்

எங்கள் ஊர் மடத்துத் தாத்தாக்கள் வருஷத்தில் ஒரு நாள்தான் கால் தேய்த்துக் கழுவுவார்கள். அதுவும் ஒரு காலை மட்டும். பெரிய வியாழக்கிழமை காலையில் கிணற்றடியில் வரிசையாக உட்கார்ந்து, தேங்காய் நாரும் செங்கல் பொடியுமாக வலது காலைப் போட்டு அந்தத் தேய் தேய்ப்பார்கள். இடது கால் பழைய புழுதியோடு அப்படியே கிடக்கும். சாயங்காலம் கோவிலில் பங்குச் சாமியார் மண்டியிட்டுக் கழுவப்போவது வலது காலைத்தானே, மற்றதை எதற்கு மெனக்கெட்டுத் தேய்ப்பது என்பது அவர்கள் நியாயம். எட்டு வயதில் எனக்கு உலகத்திலேயே பெரிய வேடிக்கை அதுதான்.

என் அப்பா அந்த ஊர் உபதேசியார். கோவிலில் செபம் சொல்லிக்கொடுப்பது, கல்யாண அறிவிப்பு ஓலை வாசிப்பது, சாமியார் வர முடியாத நாளில் செத்தவர்களை அடக்கம் பண்ணுவது எல்லாம் அவர் பொறுப்பு. எங்கள் வீட்டுக்கு நேர் எதிரே மடம். கன்னியர் நாலு பேர் நடத்தினார்கள். நாங்கள் அவர்களை அம்மாமார் என்போம். மலைத் தோட்டங்களில் உழைத்து ஓடாய்ப் போனவர்கள், பிள்ளைகள் விரட்டிவிட்டவர்கள், சின்னமனூர் சந்தையில் கையேந்திக்கொண்டு இருந்தவர்கள் என்று வயசான ஆண்களைக் கூட்டிவந்து, கஞ்சியும் கட்டிலும் கொடுத்து, புண் இருந்தால் கழுவிக் கட்டி வைத்துக்கொண்டார்கள். அறுப்புக் காலத்தில் சுற்று வட்டாரத்தில் நிலம் வைத்திருக்கிற சம்சாரிகள் கொடுக்கிற நெல்லில்தான் அந்தக் கஞ்சி. கொடுப்பவர்களில் பாதிப்பேர் எங்கள் வேதமே கிடையாது. வயசாளிகளுக்குத்தானே என்று அவர்களும் கொடுத்தார்கள்.

பெரிய வியாழனன்று ஆண்டவர் தம் சீடர்களின் பாதம் கழுவியதை நினைத்து, சாமியார் பன்னிரண்டு ஏழைகளின் பாதத்தைக் கழுவ வேண்டும். எங்கள் ஊரில் அந்தப் பன்னிரண்டு பேரும் மடத்திலிருந்துதான் வருவார்கள். ஆளுக்கொரு புது வேட்டி, இரவு பாயசத்தோடு சாப்பாடு. தாத்தாக்கள் அதோடு நிற்கவில்லை. பெஞ்சில் உட்காரும் வரிசைப்படி ஆளுக்கொரு அப்போஸ்தலரை எடுத்துக்கொண்டார்கள். முதலில் உட்காருபவர் இராயப்பர், அதாவது பேதுரு. மீசை வைத்த அந்தத் தாத்தா வருஷம் முழுக்கவே இராயப்பர் போலத்தான் நடந்துகொள்வார். மோட்சத்துச் சாவி கையில் இருக்கிற மாதிரி எல்லோரையும் அதிகாரம் பண்ணுவார். கடைசி இடம் யூதாசுடையது. அங்கே உட்கார ஒருத்தருக்கும் மனசு வராது. அப்படி ஓர் இடமே கிடையாது என்று அம்மாமார் சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோனார்கள். நல்ல வேளையாக ஒரு தாத்தாவுக்குக் காது சுத்தமாகக் கேட்காது. தான் யூதாசாக உட்காருகிறோம் என்பதே தெரியாமல் அவர் ஏழெட்டு வருஷம் சிரித்த முகமாக அங்கே உட்கார்ந்தார். எனக்கு எட்டு வயதான அந்த வருஷம் மாசியில் அவர் இறந்துபோனார்.

அதற்கு ஆறு மாதம் முன்னால்தான் ஒத்தைக்கால் தாத்தா மடத்துக்கு வந்திருந்தார். மாடு கட்டி இறைக்கிற கமலைக் கிணற்றுக்குத் தோல் சால் தைப்பவர், செருப்பும் தைப்பவர். அவர் தைத்த சாலில் இறைத்த தண்ணீரைக் குடிக்காத தோட்டம் எங்கள் பக்கத்தில் இருந்திருக்காது. குமுளி மலைப்பாதையில் பாரவண்டி ஏறி இடது கால் முட்டிக்குக் கீழே போய்விட்டது. பெரிய அம்மா, அதாவது மடத்துத் தலைவி, சாலையோரத்தில் கிடந்தவரை வண்டியில் தூக்கிப்போட்டுக் கொண்டுவந்து பிழைக்க வைத்தார்.

எனக்கு அவர்மேல் ஒரே பொறாமை. மற்ற தாத்தாக்கள் எல்லாம் ஒரே கூடத்தில் கட்டிலோடு கட்டில் இடித்துக்கொண்டு படுக்க, அவருக்கு மட்டும் பின்தாழ்வாரத்தில் காற்றோட்டமாகத் தனிக் கட்டில். மற்றவர்கள் பானையில் கிடக்கிற தம்ளரில் மொண்டு குடிக்க, அவருக்கு மட்டும் ஆணியில் மாட்டிய தனித் தம்ளர். ராஜா மாதிரி இருக்கிறாரே என்று நினைப்பேன். அது போதாதென்று, ஊரிலேயே என்னிடம் மரியாதையாகப் பேசியவர் அவர் ஒருவர்தான். மற்றவர்கள் எல்லாம் "ஏட்டி, அங்கிட்டுப் போ" என்று விரட்டுவார்கள். அவர், "வாங்க தாயி, உக்காருங்க" என்பார். எட்டு வயசுக்காரியை இப்படி மதித்தால் அவள் அங்கேயேதான் கிடப்பாள்.

காது கேட்காத தாத்தாவின் அடக்கம் முடிந்து ஒரு வாரம் இருக்கும். அப்பா மடத்து முற்றத்தில் நின்றுகொண்டிருந்தார். ஒத்தைக்கால் தாத்தா கம்பை ஊன்றிக்கொண்டு வந்து நாலடி தள்ளியே நின்றார்.

"அய்யா, பெரிய வியாழனுக்கு அந்தக் கடைசி எடம் காலியாத்தான கெடக்கு. யூதாசா உக்காரணும்னாலும் சரிங்கய்யா. நான் உக்காந்துக்கிறேன்."

அப்பா முகத்தில் ஈயாடவில்லை. அங்கே இங்கே பார்த்தார். பிறகு, "உனக்கு ஒரு காலுதானப்பா இருக்கு. ரெண்டு காலும் உள்ளவுகதான் உக்காரணும். திருச்சபைச் சட்டம் அப்படி" என்றார்.

"சரிங்கய்யா" என்று தாத்தா திரும்பிவிட்டார்.

என் அப்பா நல்லவர். அதை இப்போதும் சொல்வேன். யார் மனசும் நோகக்கூடாது என்று நினைக்கிறவர். அதனால்தான் காலின்மேல் பழியைப் போட்டார்.

நான் தாத்தாவின் பின்னாலேயே ஓடினேன். யூதாசாகப் போய் உட்கார எதற்கு இவ்வளவு ஆசை என்று எனக்குத் தெரிந்தே ஆகவேண்டும். துருவித் துருவிக் கேட்டேன். அவர் வெட்கப்பட்டுக்கொண்டே சொன்னார்.

"ஊருக்காரவுக காலுக்கெல்லாம் நான்தான் தாயி செருப்பு அளவெடுத்தேன். தோலு மேல கால வைக்கச் சொல்லி, கரித்துண்டால சுத்திக் கோடு போடுவேன். கால்ல என் விரலு பட்டுச்சுன்னா வைவாக. அறுபது வருசம் அப்படியே விரலு படாமத்தான் போட்டேன். இங்கன பாத்தா, வெள்ளைக்காரச் சாமியே கையில புடிச்சுக் கழுவுவாகளாமே. ஒருக்கா எங்காலயும் புடிச்சாகன்னா போதும்."

விரல் பட்டால் கூசும் போலிருக்கிறது, அதனால்தான் வைதிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் அந்தச் சட்டம் மட்டும் எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. மறுநாள் பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு ஒப்பிக்கும்போது சட்டென்று உறைத்தது. கழுவுவது வலது காலைத்தானே! இவரிடம் இருப்பதும் வலது கால்தானே! அப்பாவுக்கு எப்படி மறந்தது? மணி அடித்ததும் மூச்சிரைக்க ஓடிப்போய்த் தாத்தாவிடம் சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது, நான் பார்த்தேன். "அப்படியா? ஒரு காலுதானா?" என்று குனிந்து தன் காலை ஒருமுறை பார்த்துக்கொண்டார். அப்புறம் என்ன தோன்றியதோ, "தாயி, அப்பாகிட்ட இதச் சொல்லாதீக. அவுகளுக்குச் சங்கடம்" என்றார். சொல்ல மாட்டேன் என்று சிலுவை போட்டுச் சத்தியம் பண்ணிக் கொடுத்தேன்.

சத்தியத்தை நான் மீறவில்லை. பெரிய வியாழனுக்கு முந்தின குருத்தோலை ஞாயிறன்று பூசை முடிந்து, அப்பா சாமியாரிடம் பெயர்களை வாசித்துக்கொண்டிருந்தார். பதினொரு பெயர் வாசித்துவிட்டு, பன்னிரண்டாவதற்கு என் சித்தப்பாவை உட்கார வைக்கலாம் என்றார். நான் சாமியாரின் அங்கியைப் பிடித்து இழுத்து, "சாமி, நீங்க கழுவுறது ஒரு காலத்தானே? ஒத்தைக்கால் தாத்தாவுக்கு அந்தக் கால் இருக்கு சாமி!" என்றேன். நான் சொன்னது சாமியாரிடம். அப்பா பக்கத்தில் நின்றது என் தப்பா?

சாமியார் பிரான்சு தேசத்துக்காரர். புத்தகத் தமிழ் பேசுவார். அப்பாவை உற்றுப் பார்த்து, "உபதேசியாரே, ஒரு பாதம் போதும் அல்லவா?" என்றார்.

"போதும் சாமி." அப்பாவின் குரல் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. இத்தனை வருஷம் உபதேசியாராக இருந்து சட்டத்தைத் தப்பாகச் சொல்லிவிட்டோமே என்று அவருக்கு வெட்கம் என்று நினைத்தேன். பாவமாகவும் இருந்தது.

பெரிய வியாழன் விடிந்ததும் கிணற்றடிக்கு ஓடினேன். ஒரு ஈ, காக்கை இல்லை. ஒத்தைக்கால் தாத்தா மட்டும் தேங்காய் நாரோடு தனியாக உட்கார்ந்து தேய்த்துக்கொண்டிருந்தார். கூடத்துக்குள் போய்ப் பார்த்தால், அடி ஆத்தீ! பதினொரு பேரும் தலையோடு போர்த்திக்கொண்டு கிடக்கிறார்கள். ஒருவருக்கு வயிற்றுவலி, ஒருவருக்குக் குளிர்காய்ச்சல், இருவருக்குத் தலைசுற்றல். இராயப்பர் தாத்தாவுக்கு நெஞ்சடைப்பு. ஆனால் மீசையை மட்டும் முறுக்கி விட்டிருந்தார்.

ஒரே இரவில் பதினொரு பேருக்கு எப்படி நோய் வரும்? எனக்கு மண்டை குடைந்தது. கட்டில் கட்டிலாகப் போய் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். ஒருவருக்கும் சுடவில்லை. அடுப்படியில் போய்க் கஞ்சிப் பானையை முகர்ந்தேன். கெடவில்லை. சரி, இவர்களுக்கெல்லாம் வந்தது, ஒத்தைக்கால் தாத்தாவுக்கு மட்டும் ஏன் வரவில்லை? யோசித்து யோசித்துக் கடைசியில் கண்டுபிடித்தே விட்டேன். நேரே பெரிய அம்மாவிடம் ஓடி, "அம்மா, அவரு மட்டும் தனித் தம்ளர்ல குடிக்கிறாருல்ல, அதான் அவருக்கு ஒட்டல!" என்றேன். பெரிய அம்மா என் தலையில் கை வைத்து, முகத்தைத் திருப்பிக்கொண்டார். வீட்டுக்கு ஓடி என் அம்மாவிடம் சொல்லி ஒரு சட்டி சுக்குக் கஷாயம் போடவைத்து நானே ஆளுக்கொரு வாய் ஊற்றினேன். முகத்தைச் சுளித்துக்கொண்டே குடித்தார்கள்.

சாயங்காலம் கோவிலில் நீளப் பெஞ்சு. பன்னிரண்டு பேர் உட்காருகிற பெஞ்சில், கடைசி ஓரத்தில், ஒத்தைக்கால் தாத்தா மட்டும். அவ்வளவு இடம் இருந்தும் அவர் யூதாசின் இடத்தைவிட்டு நகரவில்லை. ஆண்கள் பக்கம் பாதிக் கோவில் காலி. சாமியார் வந்து, ஒன்றுமே நடக்காதது போல மண்டியிட்டார். அந்தக் கறுத்த, வெடித்த காலை உள்ளங்கையில் ஏந்தித் தண்ணீர் ஊற்றினார். துணியால் விரல் விரலாகத் துடைத்தார். குனிந்து முத்தமிட்டார். தாத்தா இரண்டு கையாலும் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு அழுதார். சத்தமே இல்லை, தாடி மட்டும் நனைந்தது. எனக்குச் சந்தோஷத்தில் கைதட்ட வேண்டும் போல இருந்தது. இதெல்லாம் என்னால் நடந்தது என்று திரும்பி எல்லோரையும் பார்த்தேன். ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை.

சாப்பாட்டு வேளைக்குப் பதினொரு பேரும் எழுந்துவிட்டார்கள். கஷாயம் நன்றாகக் கேட்டிருந்தது. பாயசத்தை இரண்டு தடவை வாங்கிக் குடித்துவிட்டு, இராயப்பர் தாத்தா அப்பாவை முற்றத்துக்குக் கூப்பிட்டார். மற்றவர்கள் அவருக்குப் பின்னால் நின்றார்கள்.

"இனிமே அவன் இங்கன இருந்தா நாங்க இல்ல. பதினோரு பேரும் சந்தையில போய் உக்காந்து நடந்ததச் சொல்லுவோம். அப்புறம் எந்தச் சம்சாரி இந்த மடத்துக்கு நெல்லுக் குடுக்கான்னு பாத்துருவோம்."

அப்பா தலையைக் குனிந்துகொண்டு நின்றார். பெரிய அம்மா உள்ளே இருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தார், வெளியே வரவில்லை. எனக்கு அலுப்பாக இருந்தது. கிழவர்கள் சண்டை என்று நினைத்தேன். அப்பா மெதுவாகப் பின்தாழ்வாரத்துக்குப் போனார். நான் தூரத்திலிருந்து பார்த்தேன். ஒத்தைக்கால் தாத்தாவின் கட்டிலிலேயே, அவர் பக்கத்திலேயே அப்பா உட்கார்ந்தார். ஒருநாளும் அப்படி உட்கார்ந்தவர் இல்லை. அப்பா ஏதோ சொல்லச் சொல்ல, தாத்தா சரி சரி என்று தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். கடைசியில் தாத்தாதான் அப்பாவின் தோளைத் தட்டிக்கொடுத்தார். அப்பாடா, இரண்டு பேரும் ராசியாகிவிட்டார்கள் என்று நிம்மதியாக வீட்டுக்கு வந்து படுத்துத் தூங்கினேன்.

காலையில் கட்டில் காலி. புது வேட்டியோடு கம்பும் தோல் பையும் போயிருந்தன. அப்பாவைக் கேட்டேன். "ஆண்டிபட்டிப் பக்கம் தங்கச்சி வீட்டுக்குப் போயிருக்காரு" என்றார். அதுவரை அவன் இவன் என்றே பேசியவர், அன்றைக்குத்தான் முதல் தடவையாக 'அவரு' என்றார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டாரே என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது. தனக்குத் தங்கச்சி இருப்பதாகத் தாத்தா சொன்னதே இல்லை. தனக்கு யாருமே இல்லை என்றுதான் சொல்லியிருந்தார். வயசாகிவிட்டதல்லவா, மறந்திருப்பார் என்று சமாதானம் செய்துகொண்டேன்.

அந்த ஒற்றைக் காலோடு பங்குனி வெயிலில் அவர் எந்தத் திசைக்குப் போனார், எங்கே விழுந்தார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருந்தால் அவருக்குக் கஞ்சியும் கட்டிலும் மிஞ்சியிருக்கும். கால் மட்டும் யார் கையும் படாமலே போயிருக்கும். இதில் எது அவருக்கு நல்லது என்று இந்த வயசிலும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மனசு மட்டும் ஆறவில்லை.

தாத்தா போன அன்று பிற்பகல் பெரிய வெள்ளிச் சிலுவைப்பாதை. வருஷா வருஷம் அப்பாதான் முன்னால் நின்று கணீரென்று வாசிப்பார். மூன்றாவது ஸ்தலத்தில், ஆண்டவர் பாரம் தாங்காமல் முதல் தடவை கீழே விழுகிறார் என்ற இடத்தில், அப்பாவின் குரல் நின்றுவிட்டது. மறுபடி ஆரம்பித்தார், மறுபடியும் முடியவில்லை. புத்தகத்தால் முகத்தை மூடிக்கொண்டு தோள் குலுங்க அழுதார். பெண்கள் பக்கத்தில், "நம்ம உபதேசியாருக்கு என்ன பக்தி பாத்தியா" என்று ஒருத்தி சொன்னாள். நான் கூட்டத்துக்குள் புகுந்து முன்னால் போய் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். சேசுநாதர்மேல் என் அப்பாவுக்கு எவ்வளவு பிரியம் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை.