குழாய் முனையில் ஒரு பிசிறு

வலங்கைமான் பக்கம் குத்தகை நிலத்தில் சாகுபடி செய்கிறவள் நான். நாற்பத்தொரு வயதில் தஞ்சாவூரில் ஒரு ரைஃபிள் கிளப்பில் சேர்ந்தேன். உரம், ஆள், தண்ணீர் எதுவும் நினைவுக்கு வராமல் அரைமணி நேரம் ஒரு கறுப்பு வட்டத்தையே பார்த்துக்கொண்டிருக்க முடிந்தது. அதற்காகவே ஞாயிறுதோறும் பஸ் ஏறினேன்.

சில மாதம் கழித்துச் சொந்தமாக ஓர் ஏர் ரைஃபிள் வாங்கினேன். பழைய ஜெர்மன் மாடல் ஒன்றைப் பார்த்து இங்கே செய்த நகல். துப்பாக்கிக் குழாயை மடக்கி, ஒரே ஒரு ஈயக் குண்டை வைத்து, மூடிச் சுட வேண்டும். அடுத்த குண்டுக்கு மறுபடி மடக்க வேண்டும். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் பத்து மீட்டரில் ஐந்து குண்டு சுட்டால், ஐந்தும் ஒரு மெதுவடை அகலத்துக்குச் சிதறின.

கிளப்பில் பல வருஷமாகச் சுடும் பல் டாக்டர் ஒருவர் அதை வாங்கிச் சுட்டுப் பார்த்தார். அவருக்கும் சிதறியது.

"நகல் இப்படித்தான் இருக்கும் மேடம். வித்துட்டு வெளிநாட்டுது வாங்குங்க."

"எங்க தப்புன்னு கண்டுபிடிச்சா சரி பண்ணலாம்ல?"

"அது உங்க வேலை இல்லீங்க" என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்புதான் என்னைக் கிளப்பிவிட்டது.

களத்துக் கொட்டகையில் வைக்கோல் கட்டுகளை அடுக்கி, முன்னால் கறுப்பு வட்டம் போட்ட குறி அட்டையை மாட்டினேன். ஒரு நாளைக்கு ஒன்றை மட்டும்தான் மாற்றுவது என்று முடிவு. முதலில் குண்டு. நாலு வகை வாங்கிப் பார்த்தேன். ஒன்று கொஞ்சம் தேவலை. அடுத்து, குழாயைத் தாங்கும் மரக்கட்டையின் திருகுகள். இருபது தடவை சுட்டதும் அவை தளர்ந்துவிடுவதைப் பார்த்து, ஸ்பிரிங் வாஷர் போட்டேன். சிதறல் சற்றுக் குறைந்தது. என்றாலும் அட்டை அட்டையாக ஒரு குண்டு மட்டும் தனியே இடப்பக்கம் ஓடியது.

"இன்னும் எத்தனை நாளைக்கு இந்த வைக்கோலோட சண்டை?" என்றார் கணவர்.

"அந்த ஒத்தைக் குண்டு ஓடறது நிக்கற வரைக்கும்."

ஒரு நாள் குழாயின் வாயைப் பஞ்சால் துடைத்தேன். ஒரே இடத்தில் இழை சிக்கியது. திருப்பித் துடைத்தாலும் அதே இடம். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால், உள்விளிம்பில் மயிரிழை அளவுக்கு ஒரு பிசிறு. வெளியேறும் குண்டை அது ஒரு பக்கம் தட்டிவிடுகிறது என்று புரிந்தது.

கும்பகோணத்தில் எங்கள் பம்புசெட்டுக்கு வேலை செய்யும் லேத் பட்டறைக்கு எடுத்துப் போனேன். பட்டறைக்காரர் கையை வைக்கவில்லை.

"துப்பாக்கியா? போலீஸ் வந்தா நான் என்னக்கா சொல்றது?"

"இந்த வகைக்கு லைசென்ஸ் வேண்டாம். பில் இருக்கு, பாருங்க. பம்பு ஷாஃப்ட் மாதிரி நினைச்சுக்கங்க. முனை நேரா இருக்கணும், உள்விளிம்பு சுத்தியும் ஒரே மாதிரி இருக்கணும்."

பில்லை இரண்டு முறை படித்துவிட்டுக் குழாயை லேத்தில் பூட்டினார். முனையைத் துளியூண்டு சீவி, விளிம்பைத் தேய்த்துக் கொடுத்தார். வேலையில் இறங்கியபின் அவருக்கும் ஆர்வம் வந்துவிட்டது. மடக்கும் இடத்தில் குழாய் லேசாக ஆடுவதைக் கண்டுபிடித்தவர் அவர்தான். மெல்லிய பித்தளை வாஷர் ஒன்றை வெட்டிச் செருகினார்.

அன்று சாயங்காலம் ஐந்து குண்டு சுட்டேன். ஐந்து ஓட்டையும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தன. நம்பிக்கை வராமல் இன்னும் ஐந்து சுட்டேன். அதுவும் அப்படியே.

மாவட்டப் போட்டியில், சாதாரணக் குறிமுள்ளை வைத்தே சுடும் ஓபன் சைட் பிரிவில் அந்தத் துப்பாக்கியோடு நின்றேன். ஐந்தாவதாக வந்தேன். மெடல் இல்லை. என் அட்டையைப் பார்த்த பல் டாக்டர், கறுப்பு வட்டத்துக்கு வெளியே போயிருந்த ஒரே ஒரு ஓட்டையைக் காட்டினார்.

"இது மட்டும் என்னங்க ஆச்சு?"

"ட்ரிகரை அவசரமா இழுத்துட்டேன். அடுத்த வாரத்திலிருந்து அதைத்தான் பழகணும்" என்றேன்.