பேஸ்மென்ட் தரையில் ஆறடிச் சூடு

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் "எனக்கு டூட்டி இருக்கு" என்று எழுந்து போய்விடுகிற ஆள் நான். பதினேழு வருடமாக ஏ.சி. டக்ட் வேலை. காற்று ஒரு பக்கம் இழுக்கிறதென்றால் அங்கே அழுத்தம் குறைவு, ஓரிடம் சுடுகிறதென்றால் பக்கத்தில் குழாயோ ஒயரோ இருக்கிறது, தேடினால் கிடைக்கும், இவ்வளவுதான் எனக்குத் தெரிந்த உலகம். இதைச் சொல்லும்போது நீங்கள் என்னை ஒரு மாதிரி பார்ப்பீர்கள் என்று தெரியும். பாருங்கள், ஆனால் முழுசாகக் கேட்டுவிட்டுப் பாருங்கள்.

சவூதியில், அல் கோபாரில் ஒரு வில்லா. அந்த வீட்டு முதலாளி, அங்கே கஃபீல் என்பார்கள், பேஸ்மென்ட் அறையில் டிஸ்கஸ் மீன் வளர்க்கிறார், தட்டு மாதிரி வட்டமாக இருக்குமே, அது. இரண்டு தடவை மொத்தமும் செத்து மிதந்திருக்கிறது. ஜன்னல் இல்லாத அறை, தொட்டிகளின் ஈரம் வெளியே போக வழியில்லை, சுவரெல்லாம் வியர்த்துப் பூஞ்சை பிடித்துக் கிடந்தது. சுவருக்கு ஃபோம் போர்டு ஒட்டி, ஈரக் காற்றை வெளியே தள்ள ஃபேன் வைத்து, ஏ.சி. காற்று வர டக்ட் இழுத்துக் கொடுக்க வேண்டும். ஒரு வாரத்து வேலை, நான் ஒருவன்தான்.

மீன்களைப் பார்த்துக்கொண்டது வீட்டு டிரைவர் ஜமால் பாய், அதிராம்பட்டினத்துக்காரர், அறுபதை நெருங்குகிறவர். முதல் நாளே பாலில்லாத சுலைமானி டீயைக் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார்:

"தம்பி, இந்தத் தடவையும் மீன் செத்துச்சுன்னா கலாஸ், அவ்வளவுதான், ஊருக்குப் போயிருன்னு கஃபீல் சொல்லிட்டாரு. இந்த வயசுல எனக்கு வேற யாரு விசா தருவா? ரூமை நல்லாப் பண்ணிக் குடுங்க."

"ஒரு மீனும் சாகாது பாய், நான் பொறுப்பு."

வாய்க்கொழுப்பு என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் சொல்லிவிட்டேன் என்றால் விடுகிற ஜாதி இல்லை நான்.

இரண்டாம் நாள் மதியம் ஒரு மணி இருக்கும், சூடு பார்க்கிற கன்னை எடுத்துத் தரையில் அங்கங்கே அடித்துப் பார்த்தேன். எல்லா இடத்திலும் இருபத்தைந்து டிகிரி. பெரிய தொட்டி வைக்கிற இடத்தில் மட்டும் முப்பத்தாறு புள்ளி எட்டு. கன்தான் கோளாறு என்று உள்ளங்கையை வைத்தேன், யாரோ இப்போதுதான் எழுந்துபோன மெத்தை மாதிரி இருந்தது. சாக்பீஸால் ஓரம் கட்டினேன். நீளம் ஆறடி, அகலம் இரண்டடி. சரி, மீன் செத்ததற்குக் காரணம் கிடைத்துவிட்டது, தொட்டி அடியிலிருந்து சூடாகியிருக்கிறது என்று எனக்கு ஒரே சந்தோஷம். வெந்நீர்க் குழாய் போகிறதா என்று வரைபடம் பார்த்தேன், போகவில்லை. ஹீட்டரை அணைத்தேன், வால்வை மூடினேன், அப்படியேதான் இருந்தது. மூன்று மணிக்கு மேல் தானாக ஆறி இருபத்தைந்துக்கு வந்தது.

"பாய், முன்னாடி இங்க யாரும் தங்கியிருந்தாங்களா?"

"நான் வந்து எட்டு வருசமாச்சு தம்பி, சாமான்தான் கிடந்துச்சு. அதுக்கு முன்னாடி தெரியாது."

காரணம் பிறகு கிடைக்கட்டும் என்று அந்த இடத்தில் இரண்டங்குல போர்டைப் போட்டு மூடினேன். மறுநாள் ஒரு மணிக்குப் பார்த்தால் போர்டின் மேல் சூடில்லை. பக்கத்தில், போர்டு முடிகிற இடத்தில், அதே ஆறடி, அதே இரண்டடி. எனக்குக் கோபம் வந்ததே தவிர பயம் வரவில்லை, சத்தியமாக. அங்கேயும் போட்டேன். அடுத்த நாள் அது சுவரோரம் போயிருந்தது. நீளம் ஆறடிதான், அகலம் ஓரடிக்குச் சுருங்கிவிட்டது. ஒருக்களித்துப் படுத்தால் மனுஷன் எவ்வளவு இடம் எடுப்பானோ அவ்வளவு.

அதைப் பார்த்ததும் என் கை நின்றுவிட்டது. ஒரு ரூமில் பன்னிரண்டு பேர் படுத்த லேபர் கேம்பில் நான் நாலு வருடம் இருந்தவன். நைட் டூட்டி முடித்து வந்து மதியம் தூங்குகிறவன் இடத்தை யாராவது பெட்டி வைத்து மறித்தால் அவன் எழுந்து சண்டை போடமாட்டான், கண்ணைத் திறக்காமலே கொஞ்சம் நகர்ந்து படுத்துக்கொள்வான். நானும் அப்படி நகர்ந்து படுத்திருக்கிறேன். நம்புவீர்களோ மாட்டீர்களோ, ஒரு தரைச்சூட்டிடம் எனக்கு வெட்கமாக இருந்தது.

சுவரோரத்துப் போர்டைப் பிய்த்தெடுத்தேன். ஆறடிக்கு இரண்டடி தாராளமாக விட்டு, பெரிய தொட்டியை எதிர்ச்சுவருக்கு மாற்றினேன். போட்ட டக்ட்டைக் கழற்றி மறுபடி மாட்ட ஒரு முழு நாள் ஆயிற்று. சாக்பீஸ் கோடு நகர்ந்ததையெல்லாம் பார்த்தவர்தான் ஜமால் பாய், ஏன் என்று கேட்கவில்லை, ஏணியைப் பிடித்துக்கொண்டார். மீன்கள் வந்தன, நன்றாக நீந்தின. மூன்று நாள் கூட இருந்து ஓட்டிப் பார்த்துவிட்டுக் கையெழுத்து வாங்க வேண்டும். முதலிரண்டு நாளும் மதியம் ஓரத்தில் முப்பத்தாறு புள்ளி எட்டு, தொட்டியில் தண்ணீர் சரியான சூட்டில். நானும் சத்தமில்லாமல் ஏறி இறங்கப் பழகிவிட்டேன்.

மூன்றாம் நாள் கன் முப்பத்தொன்பது புள்ளி ஆறு காட்டியது.

ஐந்து தடவை அடித்தேன். ஜமால் பாய் என் தோளுக்கு மேலாக அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஏ.சி. கிரில்லை அந்த ஓரத்துக்குத் திருப்பலாம், ஆனால் தொட்டிப் பக்கம் காற்றுக் குறைந்து சூடேறும், மீன் தாங்குமா தெரியாது. மீன் போனால் போவது என் வேலை இல்லை, அவருடைய விசா. நான் அவர் முகத்தைப் பார்த்தேன்.

"திருப்புங்க தம்பி" என்றார். "காய்ச்சக்காரன்."

திருப்பினேன். ஃபேனை முழு வேகத்தில் வைத்தேன். மூன்று மணி வரை அவர் தொட்டியில் கொஞ்சம் கொஞ்சமாகக் குளிர்ந்த தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார், நான் ஓரத்தில் உட்கார்ந்து கன்னைப் பிடித்துக்கொண்டிருந்தேன். முப்பத்தொன்பது, முப்பத்தெட்டரை, முப்பத்தெட்டு. ஒரு மீனும் சாகவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது, சொல்வதற்கு என்ன.

மறுநாள் கையெழுத்து வாங்கப் போனவன் ஒரு மணிக்குக் கீழே இறங்கினேன். ஓரத்தில் இருபத்தைந்து. ஒன்றரைக்கும், இரண்டுக்கும் இருபத்தைந்து. பாய் தினமும் கை வைத்துப் பார்க்கிறார், அதற்குப் பிறகு எந்த மதியமும் அது வரவே இல்லை. ஜமால் பாய் இன்றும் அங்கேதான் டிரைவர், மீன் குஞ்சு பொரித்ததென்று போட்டோ அனுப்புகிறார். அன்றைக்கு இருபத்தைந்தைப் பார்த்ததும் அவர் முகமெல்லாம் சிரிப்பாக, "அல்ஹம்துலில்லாஹ், காய்ச்ச விட்ருச்சு தம்பி" என்றார். நானும் ஆமாம் பாய் என்று தலையாட்டினேன்.

காய்ச்சல் விட்டால் உடம்புச் சூடு முப்பத்தேழுக்குத்தானே இறங்க வேண்டும், தரையின் சூட்டுக்கு எதற்கு இறங்க வேண்டும் என்று அவரிடம் நான் இன்றுவரை கேட்கவில்லை.