ஆறாத சூளை
மத்தியதரைக் கடலோரத்தில் ஈராயிரம் வருஷங்களுக்கும் முன்னால் வனைந்த ஜாடி ஒன்றைப் போலவே செய்து தரும்படி, அருங்காட்சியகத்து அம்மாள் அந்தக் குயவர் தம்பதியிடம் கேட்டிருந்தாள். செம்மண் உடலில் வரைந்த குதிரை மட்டும் கறுப்பாகப் பளபளக்க வேண்டும். சூளைக்குள்ளேயே புகையை அடைத்து, பிறகு காற்றை விட்டு, ஆறு முறை சுட்டும் குதிரையும் சிவப்பாகவே வந்தது.

ஏழாவது முறை சுட்ட மறுநாள், அம்மாள் வருவதாகச் சொன்ன நாள். மனைவிக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"இன்னும் சூடு இருக்கு. நாளைக்குத் திறக்கலாம்" என்றான் கணவன்.

"அவங்க இப்ப வந்துடுவாங்க. எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு நிக்கிறது?"

அவன் அந்தப் பக்கம் போனதும் அவள் சூளையின் வாயைப் பிரித்தாள். குளிர்காற்று பட்டு உள்ளே ஜாடி படபடவென்று வெடித்தது.

கணவன் ஓடி வந்தான். இடுக்கியால் ஒரு சில்லை எடுத்தான். சிவப்பு மண்ணில் கருங்குதிரையின் பாதி உடம்பு மின்னியது.

"வந்திருக்குடி" என்றான்.

அம்மாள் வந்து அந்தச் சில்லை வெகுநேரம் பார்த்தாள். "அசல் மாதிரியே இருக்கும்மா. ஆனா திங்கக்கிழமை கண்காட்சி. ஜாடிக்கு ஒதுக்குன இடத்துல இனி அதோட போட்டோதான் மாட்டணும்."

இன்னொன்று வனைந்து காயவே பத்து நாளாகும். "அவரு சொல்லச் சொல்லக் கேக்காம நான்தாங்க திறந்தேன்" என்று சொல்லிவிட்டு, அவள் சூளையடியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.