துரையின் கையெழுத்தோடு ஒரு வழக்கு

இலங்கையில் ருவான்வெல்லைப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டும் இராயப்பனுக்குக் கோபம் வந்தால், "சூ பண்ணிருவேன்" என்பார். கோர்ட்டில் வழக்குப் போடுவதற்கான இங்கிலீஷ் வார்த்தை அது. கோழியைத் துரத்திய நாயைக்கூட அவர் விட்டுவைத்ததில்லை.

தொழிலாளர் வரிசை வீடான லயத்துக் கூரை மூன்று வருஷமாக ஒழுகவே, 1998இல் தோட்ட மேனேஜரான துரைமேல் நிஜமாகவே மனு எழுதிவிட்டார். அடையாள அட்டை விண்ணப்பம் முதல் எந்தக் கடிதமும் துரை கையெழுத்தில்லாமல் தோட்டத்தைத் தாண்டாது. அந்தப் பழக்கத்தில் மனுவையும் துரையிடமே நீட்டினார்.

"என்னை சூ பண்ண நானே சைன் வைக்கணுமா?"

"ஆமாங்க தொரே. சீலும் வேணுங்க."

துரை சிரித்துக்கொண்டே சீல் குத்தி, கூரைத் தகரத்துக்கும் சீட்டு எழுதினார்.

"அப்ப கேஸ் இல்லியா?" என்றாள் மனைவி ஜெசிந்தா.

"தகரம் வரட்டும்டி. வரலேன்னா தொரையே ஒத்துக்கிட்ட மனு கையில இருக்குல்ல!"